ஒப்பரேசன் முடிஞ்சுது, சொட்டு மருந்து முடியேல்லை

தீவக உறவுகள் எல்லாருக்கும் ஒரு விசயம். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

கண்புரை ஒப்பரேசனுக்குப் போக முன்னம் எங்கட சனம் காட்டுற அக்கறையில பாதியை வந்த பிறகு காட்டினால் போதும். ஊர்காவற்றுறை, வேலணை ஆட்களுக்குப் பண்ணைப் பாலத்தால பஸ் ஓடும். நயினாதீவும் நெடுந்தீவும் அப்படியில்லை. குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், பிறகு யாழ் ஆஸ்பத்திரியில வரிசை. அண்டைக்கு முழுக் குடும்பமும் கூடப் போகும். பத்து நாள் கழிய, சொட்டு மருந்துப் போத்தல் அலுமாரிக்கு மேல கிடக்கும். கேட்டால் "இப்ப நல்லாத் தெரியுது மகன், இனி என்னத்துக்கு?"

நல்லாத் தெரியிறது புது வில்லையால. உள்ளுக்குப் புண் ஆறினதுக்கு அது சாட்சி இல்லை. கிருமி வராமல் ஒரு மருந்து, வீக்கம் வத்த இன்னொரு மருந்து தருவினம். வீக்கத்துக்கான மருந்தைச் சில கிழமைகள் போட்டு, வைத்தியர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்கவேணும். இடையில நிப்பாட்டினால் வீக்கம் திரும்ப வரலாம்.

2023 ஏப்ரலில நுவரெலியா ஆஸ்பத்திரியில கண்புரை ஒப்பரேசன் செய்த சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். இந்தியாவில செய்த பிரட்னிசலோன் சொட்டு மருந்தில பிழை என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு "சொட்டு மருந்தே நஞ்சு" என்று கதைக்கிற ஆட்களும் இருக்கினம். பயம் நியாயம். தரமில்லாத மருந்தை நாட்டுக்குள்ள விட்டவர்களிட்டக் கேள்வி கேட்கத்தான் வேணும். அதுக்காக வைத்தியர் தந்த மருந்தை நாங்களே நிப்பாட்டினால் நட்டம் எங்கட கண்ணுக்குத்தான்.

நோன்பு காலத்தில இன்னொரு சிக்கல். பகலில கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறியும் என்று எங்கட வயசானவை நினைக்கினம். ஷாஃபி மத்ஹபில கண்ணுக்கு விடுற மருந்தால நோன்பு முறியாது, தொண்டையில கசப்புத் தெரிஞ்சாலும். சந்தேகம் இருந்தால் மௌலவியிட்டக் கேளுங்கோ, மருந்தை மட்டும் விடாதேங்கோ. ஆரம்ப நாட்களில குனியவேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் கதிரையில இருந்து தொழலாம். ஒழு செய்யேக்க கண்ணுக்குள்ள தண்ணி போகாமல் என்ன செய்யிறது என்றும் மௌலவியே சொல்லித்தருவார். சுருமா, நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் ஒண்டும் அந்தக் கண்ணுக்குள்ள போகக்கூடாது.

எனக்குக் கோபம் வாற இடம் ஒண்டு இருக்கு. மிஞ்சின போத்தலை அயலுக்குக் குடுக்கிறது. பனையோலை கீறிச் சிவந்த கண்ணுக்கு அந்த வீக்க மருந்தை விட்டால், பூஞ்சணம் பிடிச்ச புண் இன்னும் மோசமாகி பார்வையே போகலாம். திறந்த போத்தல் நாலு கிழமைக்குப் பிறகு குப்பைக்கு. உதவி செய்யிறதாய் நினைச்சு ஒரு கண்ணைக் கெடுக்காதேங்கோ.

விடேக்க கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரு துளி. போத்தல் நுனி கண்ணில முட்டக்கூடாது. ரெண்டு மருந்துக்கும் நடுவில ஐஞ்சு நிமிசம். கை நடுங்குற உம்மம்மா இதைத் தனியச் செய்யமாட்டா. வீட்டில ஓஎல் படிக்கிற பிள்ளையிட்டப் பொறுப்பைக் குடுங்கோ, கொப்பியில கட்டம் கீறி ஒவ்வொரு தரமும் சரி போடட்டும்.

நோவு கூடினால், சிவப்பு ஏறினால், பார்வை மங்கினால் கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதேங்கோ. அண்டைக்கே முதல் படகு. பொழுதுபட்டு படகு இல்லையெண்டால் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய் "கண் ஒப்பரேசன் செய்த ஆள்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கோ.

சீட்டில ஆங்கிலத்தில எழுதினது விளங்கேல்லையெண்டால் பின்னேரம் கொண்டுவாங்கோ. தமிழில பெரிய எழுத்தில எழுதித்தாறன்.