கடவுள் இல்லை என்று சொல்லும் நண்பரிடம்

கடவுளே இல்லை என்று அடித்துச் சொல்லும் நண்பர் ஒருவர் இங்கே எனக்கு உண்டு. மதுரைக்காரர், பெரியார் பற்றாளர். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்தால் விவாதம்தான்.

"கடிகாரம் இருந்தா செய்தவன் இருக்கணுமே?" என்பேன். "அவனைச் செய்தது யாரு?" என்பார். அதோடு சரி!

போன மாதம் கேள்வி மாறியது. "உங்க சாமி உங்க ஊருக்கு என்னதான் செய்தார்?"

என் ஊர் அமரவிளை, நெய்யாற்றின்கரை பக்கம். திருவிதாங்கூரில் என் பாட்டியின் பாட்டி காலத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. லண்டன் மிஷன் சபைகளுக்குப் போன பெண்கள் உடுத்தத் தொடங்கினார்கள். தெருவில் சீலையைக் கிழித்தார்கள். கோவில்களும் பள்ளிகளும் எரிந்தன. அதுதான் தோள்சீலைக் கலகம். 1859-ல்தான் அரசு அனுமதி தந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

தானும் கடவுளின் சாயல் என்று நம்பியவளை அடித்துக் குனியவைக்க முடியவில்லை. அதைச் சொன்னேன்.

"சரி, சபைக்குள்ள சாதி போச்சா?"

போகவில்லை. ஒத்துக்கொண்டேன். அவர் கோபம் நியாயமானது. தீர்க்கதரிசிகளின் கோபமும் அதுதானே?

இதெல்லாம் கடவுளுக்கு நிரூபணம் ஆகாது, தெரியும். ஆனால் பேதுரு நம்மிடம் கேட்பது நிரூபணத்தை அல்ல. நம் நம்பிக்கைக்குக் காரணத்தை, அதுவும் பணிவோடு சொல்லச் சொல்கிறார் (1 பேதுரு 3:15).

நாளை நம் பிள்ளைகளும் இதே கேள்வியோடு வருவார்கள். அதட்டி உட்கார வைக்காதீர்கள். பாட்டி கதையைச் சொல்லுங்கள், நம் தப்பையும் சேர்த்து.