பிணமானாலும் வேலை செய்

'சும்மா சிரிக்கிறதுக்கு எடுத்த மட்டமான பேய்ப்படம், இதுல போய் அரசியல் தேடுறீங்களே' என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சலிக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: யாரைப் பார்த்துய்யா சிரிக்கச் சொல்றே?

1941-இல் அமெரிக்காவில் மோனோகிராம் என்கிற சில்லறைக் கம்பெனி 'கிங் ஆஃப் த ஜாம்பீஸ்' எடுத்தது. காசும் கம்மி, செட்டும் கம்மி. கரீபியத் தீவொன்றில் விமானம் விழுகிறது. உள்ளே இரண்டு வெள்ளைக்காரர்கள், அவர்களோடு வந்த கறுப்பு வேலைக்காரன் ஜெஃப். நடித்தவர் மாண்டன் மோர்லண்ட். செத்தும் நடமாடுகிறவர்கள் அடுக்களையிலிருக்கிற ஜெஃப் கண்ணில்தான் முதலில் படுகிறார்கள். ஓடிப்போய்ச் சொல்கிறான். எசமான்கள் நம்பவில்லை. அவன் முழி பிதுங்குகிறது, கொட்டகை சிரிக்கிறது. கடைசியில் பார்த்தால் அவன் சொன்னது அத்தனையும் நிஜம்! கண்டு சொன்னவன் கோமாளி, காணாதவன் கதாநாயகன். இதுதான் அந்தப் படத்தின் நகைச்சுவை.

ஜாம்பி ஹாலிவுட்காரன் கற்பனையல்ல. ஹைட்டியின் கரும்புக் காட்டில் பிறந்தது. பிரெஞ்சுக்காரனிடம் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள், செத்தாலாவது சொந்த மண்ணுக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கினால்? அந்தப் பயத்துக்குப் பெயர்தான் ஜாம்பி. 1791-இல் கிளர்ந்து 1804-இல் நாட்டையே விடுவித்த மக்களின் பயம் அது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் பட்டாளம் ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது, கதையும் கப்பலேறியது. 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் செத்தவர்கள் சர்க்கரை ஆலையில் செக்குமாடு மாதிரிச் சுற்றுகிறார்கள். ஒருவன் தவறி அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்கவில்லை. படம் அழுவதோ வசியத்தில் மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக.

ஹைட்டியில் ஜாம்பிக்கு உப்புக் காட்டமாட்டார்களாம். உப்பு நாக்கில் பட்டால் தான் யாரென்று தெரிந்துவிடும், வேலையைப் போட்டுவிட்டுக் கல்லறையைத் தேடிப் போய்விடுவான். 'சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே' என்று நம்ம ஊரில் கேட்பார்களே, அந்த உப்புதான்.

இப்போது சொல்லுங்கள், ஜெஃப் பயந்தது கோழைத்தனமா? அவன் பாட்டன் பூட்டனைப் பிடித்த பேய் அது. அந்த இடத்தில் பயப்பட நியாயமுள்ள ஒரே ஆள் அவன்தான். அந்த நியாயத்தைத்தான் இளிப்பாக்கி டிக்கெட் விற்றார்கள்.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ சொற்பக் காசில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' சிரிப்புப் படமல்ல. அதில் முழி உருட்டாத ஒரு கறுப்பரைப் பார்த்தோம்: டுவேன் ஜோன்ஸ். கறுப்பருக்கென்று எழுதிய வேஷம்கூட இல்லை. முரட்டு லாரிக்காரனாக எழுதியிருந்த பேச்சை அவரே மாற்றிக்கொண்டார். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கிறான் அந்த மனிதன். விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரக் கூட்டம் சுட்டுத் தள்ளுகிறது. அந்த 1968 ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டிருந்தார்கள்.

பிற்பாடு வந்த சிரிப்புப் படங்களோ? 'ஷான் ஆஃப் த டெட்'டின் (2004) முடிவில் ஜாம்பிகளைக் கடை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். 'ஃபிடோ'வில் (2006) கழுத்துப்பட்டை மாட்டி வீட்டுவேலை வாங்குகிறார்கள். அந்த வேலைக்கார ஜாம்பி, ஸ்காட்லாந்துக்காரர் பில்லி கானலி. அடிமைக் கதை சுற்றிச் சுற்றி அடிமை வேலைக்கே வந்தாச்சு. அடிமையைத்தான் காணோம். கூட்டத்தில் நாலு கறுப்பு முகத்தை நிறுத்திவைத்து எண்ணிக்காட்டினால் இது சரியாகிவிடுமா?

1942-இல் என்.ஏ.ஏ.சி.பி. செயலாளர் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கே போய், கறுப்பரை வேலைக்காரக் கோமாளியாகவே காட்டுவதை நிறுத்தச் சொன்னார். நியாயமான கோரிக்கை. ஆனால் போகப்போக வேலை வற்றியது மாண்டனுக்கு. அந்த வேஷத்தை எழுதியவன், காசு போட்டவன் எவனுக்கும் எதுவும் ஆகவில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. அவர் மேடையில் கூட்டாளியோடு போடுகிற அயிட்டம் ஒன்று உண்டு: ஒருத்தர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மற்றவர் புரிந்துகொண்டு பதில் சொல்வார், அதையும் முடிக்கவிடாமல் இவர் பதில் சொல்வார். எசமானிடம் விளக்கி மன்றாடுகிற ஜெஃப் அங்கே கிடையாது.