சீட்டில்லா வாக்கு: மாநிலத் தேர்தல் ஆணையமே, திருத்திக்கொள்!

சங்கரன்கோவில் நகராட்சி எல்லைக்குள் குடியிருக்கும் ஒரு விசைத்தறித் தொழிலாளி 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தார். நீலப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்திலிருந்த விவிபேட் கருவியின் கண்ணாடிச் சாளரத்தில் தாம் தேர்ந்த வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான ஒப்புகைச்சீட்டு ஏழு விநாடி நின்று, பிறகு பெட்டிக்குள் விழுந்தது. பத்து மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, நகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அதே ஊரில் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, 'பீப்' ஒலி கேட்டது. அவ்வளவுதான். விவிபேட் இல்லை, சாளரம் இல்லை, சீட்டு இல்லை. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் மறுபடியும் சீட்டு வந்தது.

ஊர் எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் கையில் வாக்குச்சீட்டு வாங்கி, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துக் கொடுத்த சீட்டுகள் அவை. கிராமத்தானுக்குக் காகிதம் உண்டு. எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் தேர்ந்தெடுக்கும்போது நகரத்தானுக்கும் காகிதம் உண்டு. தன் தெருவின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அவனுக்குக் காகிதம் கிடையாது. இதற்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2022இல் எந்த வார்டிலும் இயந்திரத்தில் தில்லுமுல்லு நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்கான ஆதாரம் நம்மிடம் இல்லை. நம் குற்றச்சாட்டு வேறு. நடக்கவில்லை என்று நிறுவுவதற்கான ஆதாரமும் யாரிடமும் இல்லாதபடி ஒரு தேர்தலை நடத்தினார்கள் என்பதே அது. தோற்ற வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்டால் அங்கே எதை எண்ணுவது? கட்டுப்பாட்டுக் கருவியின் 'ரிசல்ட்' பொத்தானை இன்னொரு முறை அழுத்துவார்கள். அதே எண் அதே இடத்தில் வரும். அதற்குப் பெயர் மறு எண்ணிக்கை அல்ல.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் குழப்பம் எதையும் வைக்கவில்லை. 2013 அக்டோபர் 8 அன்று, நம் ஈரோட்டு மண்ணிலிருந்து போய்த் தலைமை நீதிபதியான ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று தவிர்க்கமுடியாத தேவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின்தான் விவிபேட் படிப்படியாக விரிந்து, 2019 மக்களவைத் தேர்தலில் நாட்டின் எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் வந்தது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கவேண்டும் என்று 2019 ஏப்ரலில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இயந்திரம் காட்டும் எண்ணும் சீட்டின் எண்ணும் முரண்பட்டால் சீட்டின் எண்ணே செல்லும் என்பது தேர்தல் நடத்தை விதி. சட்டம் இயந்திரத்தை விடக் காகிதத்தை ஒரு படி மேலே வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 26 அன்று, எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது உண்மை. அப்போதும் இயந்திரத்தை நம்பலாம் என்பதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டிய பாதுகாப்புகளில் ஒப்புகைச்சீட்டு முக்கியமானது. அந்தப் பாதுகாப்பையே உருவிவிட்டு, அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க மாநில ஆணையத்துக்கு உரிமையில்லை.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல, தாங்கள் தனி அமைப்பு என்று மாநில ஆணையம் வாதிடலாம். அரசியலமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகள் தந்த தனித்தன்மை அது. ஆனால் அந்தத் தனித்தன்மை வாக்காளரின் உரிமையைக் காக்கத் தரப்பட்டது, குறைப்பதற்கு அல்ல. வாக்காளர் ஒருவர்தான், அவருக்கு ஓர் ஆணையம் சீட்டைக் காட்ட, இன்னோர் ஆணையம் மறைப்பதா?

தொழில்நுட்பச் சிக்கல் என்ற சாக்கும் இங்கே செல்லாது. மகாராஷ்டிரத்தில் ஒரே வார்டுக்குப் பல உறுப்பினர் என்பதால் ஒருவரே பல வாக்குகள் போடவேண்டியிருக்கிறது, அதற்கேற்ற விவிபேட் இல்லை என்று அம்மாநில ஆணையம் காரணம் சொன்னது. தமிழக நகராட்சிகளில் ஒரு வாக்காளருக்கு ஒரு வார்டு, ஓர் உறுப்பினர், ஒரே ஒரு பொத்தான். சட்டமன்றத் தேர்தலில் நடப்பது அப்படியே நகராட்சிக்கும் பொருந்தும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஐதராபாத் ஈ.சி.ஐ.எல்.லும் இந்தக் கருவிகளைச் செய்கின்றன. வாங்கலாம்; இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் இரவலும் கேட்கலாம். இரண்டும் முடியாதென்றால் பக்கத்துக் கிராமத்தில் பயன்படுத்திய வாக்குச்சீட்டையும் பெட்டியையும் நகரத்துக்குக் கொண்டுவரட்டும். கர்நாடக அமைச்சரவை 2025 செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு முறையையே பரிந்துரைத்தது.

இயந்திரத்தின் மேல் நமக்கு வெறுப்பில்லை. 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே மாநிலம் முழுவதும் இயந்திரத்தில் வாக்களித்தவர்கள் நாம். அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர்களில் நம் எழுத்தாளர் சுஜாதாவும் ஒருவர் என்பதில் பெருமையும் உண்டு. ஆனால் எந்த இயந்திரமும் பார்வைக்குத் திறந்திருக்கவேண்டும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் தராசின் முள் வாங்குபவர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நம்பிக்கையானவர் விற்கிறார் என்பதற்காக யாரும் அதைத் துணிபோட்டு மூடச் சொல்வதில்லை. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்னதும் இதுதான்: தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்கமுடியவேண்டும். பிலிப்பைன்ஸில் 2010 முதல் தேசியத் தேர்தல்களில் இயந்திரமே எண்ணுகிறது. ஆனால் வாக்காளர் காகிதத்தில் வட்டத்தை நிரப்பித் தாமே இயந்திரத்தில் செலுத்துகிறார், காகிதம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதுவும் போதாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் அச்சிட்ட ரசீதும் காட்டச் சொன்னது.

உள்ளாட்சிதானே, இதில் என்ன இருக்கிறது என்று அலட்சியம் காட்டுவோர் 2022 மார்ச் 4 அன்று சங்கரன்கோவில் நகராட்சி மன்றத்தில் நடந்ததை நினைத்துப்பார்க்கட்டும். வார்டு உறுப்பினர்கள் வாக்களித்த தலைவர் தேர்தலில் இரு தரப்பும் சம வாக்குகள் பெற்றன. கடைசியில் குலுக்கல் சீட்டு எடுத்துத்தான் தலைவரை முடிவுசெய்தார்கள். ஒரே ஒரு வார்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருந்தால் குலுக்கலே தேவைப்பட்டிருக்காது. ஒரு வார்டின் வெற்றியோ சில பத்து வாக்குகளில், சில நேரம் ஓரிரு வாக்குகளில் தீர்மானமாகிறது. மக்களவைத் தொகுதியில் ஓரிரு வாக்குப் பிசகு முடிவை மாற்றுவது அபூர்வம். வார்டில் அது ஊரின் தலைமையையே மாற்றும். அப்படியானால் எந்தத் தேர்தலுக்குக் காகிதச் சான்று கூடுதலாகத் தேவை?

கட்சிகளையும் விட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் 19 அன்று டில்லியில் கூடிய 'இந்தியா' கூட்டணி, ஒப்புகைச்சீட்டை வாக்காளர் கையிலேயே கொடுக்கவேண்டும், அத்தனையையும் எண்ணவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தக் கூட்டணியில் இருந்த தி.மு.க.வின் ஆட்சிதான் 2022இல் தமிழகத்தில் நடந்தது. பின்னர் டில்லியில் கேட்டதை முன்பே தன் மாநில நகராட்சிகளுக்கு அது தந்திருக்கவேண்டும், தரவில்லை. எதிர்வரிசையில் இருந்த அ.தி.மு.க.வும் தோற்ற இடங்களில் முணுமுணுத்ததோடு சரி. இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்குவது மாநில அரசு, விதி வகுப்பதும் மாநில அரசு. ஆணையம் அரசைக் கைகாட்ட, அரசு ஆணையத்தைக் கைகாட்டும் விளையாட்டை இனியும் பொறுக்க முடியாது.

2022இல் பதவியேற்ற நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த நகர்ப்புறத் தேர்தலின் அறிவிக்கை வெளிவருமுன், ஒவ்வொரு சாவடியிலும் விவிபேட் இருக்கும், ஒவ்வொரு வார்டிலும் குறிப்பிட்ட சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படும், மறு எண்ணிக்கை கேட்டால் சீட்டே எண்ணப்படும் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எழுத்தில் அறிவிக்கவேண்டும். மாநில அரசு அதற்குரிய விதித் திருத்தத்தையும் நிதியையும் தாமதமின்றித் தரவேண்டும். தரமுடியாது என்றால் வாக்குச்சீட்டுக்குத் திரும்பட்டும். சீட்டில்லாமல் இன்னொரு நகராட்சித் தேர்தல் சங்கரன்கோவிலில் மட்டுமல்ல, தமிழகத்தின் எந்த ஊரிலும் நடக்கக் கூடாது.