இது அந்த ‘தண்ணி’ இல்லீங்க!

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு வாலிபர் தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. வாயில் புளித்த பழ வாடை. நம்ம ஜனங்கள் தீர்ப்பு சொல்ல ரெண்டு செகண்ட் போதும்: ‘‘காலங்கார்த்தாலயே தண்ணி போட்டாச்சு!’’

கொஞ்சம் பொறுங்க சார். ரத்தத்தில் சர்க்கரை கண்டபடி ஏறினாலும் இதே கோலம்தான்.

டெல்டா பாஷையில் சொல்வதானால், வெண்ணாற்றில் தண்ணி கரை புரண்டு ஓடுகிறது; வாய்க்கால் மதகோ பூட்டிக் கிடக்கிறது. வயல் காயாதா? ரத்தத்தில் சர்க்கரை ஏராளம். மதகைத் திறக்கிற லஸ்கர்தான் இன்சுலின். அவர் வராவிட்டால் உடம்பு பட்டினி. பசிக்குக் கொழுப்பை எரிக்கும். அதில் கிளம்பும் கீட்டோன் அமிலம் ரத்தத்தைக் கெடுக்கும். பழ வாடை அதனுடையது. மிஞ்சின சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது உடம்புத் தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, வாந்தி, வயிற்று வலி, ஓடி வந்தவன் மாதிரி ஆழமான மூச்சு, குழப்பம், மயக்கம்... இவைதான் அறிகுறிகள். ‘எனக்குத்தான் சுகரே இல்லையே’ என்று சிரிக்கும் இளவட்டமே, சிலருக்கு அது இருப்பதே இப்படித்தான் முதலில் தெரியவரும். வயசானவர்களுக்கோ, பல நாள் உடம்பு வற்றி, சுகர் 600-ஐத் தாண்டி, வாடை காட்டாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

வீட்டில் நடக்கிற பெரிய தப்பு: ‘‘காய்ச்சல், சாப்பிடலை, இன்னிக்கு இன்சுலின் ஊசி வேணாம்.’’ காய்ச்சலில்தான் சார் சுகர் ஏறும்! டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள். தாகத்துக்குக் கலரும் ஜூஸும் வேண்டாம்.

மீட்டரில் 250-க்கு மேல், கூடவே வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே 108. நினைவு இருந்தால் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை தாழ்ந்தாலும் தள்ளாடும். மீட்டர் இல்லை, ஆனால் விழுங்க முடிகிறது என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உயர் சர்க்கரையாக இருந்தாலும் அந்த ஒரு ஸ்பூனால் குடி முழுகாது.

ஆஸ்பத்திரியில் முதலில் சலைன் ஏற்றுவார்கள். பொட்டாசியம் பார்த்துவிட்டுத்தான் இன்சுலின் டிரிப். இன்சுலின் ஏற ஏறப் பொட்டாசியம் இறங்கும். ரொம்ப இறங்கினால் இதயம் தடுமாறும். ஆகவே, வீட்டிலேயே நாலு ஊசி கூடப் போடும் கைவைத்தியம் ஆபத்து.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் போடும் வரை, இந்த நிலைக்கு வந்தவர்கள் பிழைப்பது அபூர்வம். இன்றைக்கு லஸ்கர் தயாராக இருக்கிறார். நேரத்தோடு போய்க் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.