மாலுக்குப் போகிறவர்களைத் திட்டுவதற்கு முன்

நம் சூழலில் பண்பாட்டுக் கவலை கொண்டவர்களுக்கு ஒரு நிரந்தரப் புலம்பல் உண்டு. ‘லீவு விட்டா போதும், புள்ளைங்கள இழுத்துக்கிட்டு மாலுக்குப் போயிடுறாங்க. எழும்பூர்ல மியூசியம் இருக்கு, மெரினா இருக்கு, யாராச்சும் போறாங்களா?’ கட்டுரைகளில், மேடைகளில், இலக்கியக் கூட்டம் முடிந்த பிறகான டீக்கடைப் பேச்சில் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்பவர் பெரும்பாலும் ஆண். பிள்ளைகள் வளர்ந்து முடிந்தவர், அல்லது இன்னும் பெறாதவர். தோளில் ஒரு ஜோல்னா பை. அந்தப் பைக்குள் இரண்டு புத்தகம் இருக்கும். மாற்று ஜட்டி ஒருநாளும் இருந்ததில்லை.

மாலுக்குப் போகும் குடும்பம் ரசனை கெட்டுப் போய் அங்கே போகிறது என்பதை நான் ஏற்கவில்லை. சின்னக் குழந்தையின் உடம்புக்கு நாலு மணி நேரம் இடம் கொடுக்கும் பொதுக் கட்டடங்களை இந்த நகரம் போதுமான அளவு கட்டவில்லை. அதனால் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாளைக்குச் சென்னை வருகிறது. மூத்தவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு மூணு. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, படுக்கையும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தனிப் படுக்கைக்கு 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். அரை டிக்கெட் போதும் என்றால் படுக்கை இல்லை. ஆக, ஒரு பெர்த்தில் அம்மாவும் சின்னவனும், இன்னொன்றில் அப்பாவும் மூத்தவளும். நாலு பேரும் தூங்காமல் வந்து எழும்பூரில் இறங்குகிறார்கள். பஸ் என்றால் இறங்குவது கிளாம்பாக்கத்தில். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்த முனையத்திலிருந்து ஊருக்குள் வர இன்னும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ‘சென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று போடுகிறார்களே, அந்தப் பட்டியல் எதிலும் இது வராது. செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் விடுமுறை, வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை என்பதாவது சில பட்டியல்களில் இருக்கும்.

சரி, மியூசியத்துக்கே போவோம். 1851-இல் தொடங்கியது. சோழர் வெண்கலங்கள், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கல எலும்புக்கூடு. மூன்று வயதுக்காரனுக்கு அந்தத் திமிங்கலம் ஒரு வாழ்நாள் ஞாபகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தனித்தனிக் கட்டடங்களாகப் பரந்து கிடக்கும் வளாகம். படி ஏறி, படி இறங்கிப் பார்க்க வேண்டியது. எந்தக் கட்டடத்தின் எந்த மூலையில் நிற்கும்போது ‘ம்மா, ஒண்ணுக்கு’ வரும் என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. வந்த பிறகு அவளிடம் இருப்பது இரண்டு நிமிடம்.

அதையும் சமாளித்தாயிற்று. மணி பன்னிரண்டு. பள்ளி விடுமுறை வருவதே மே மாதத்தில்தான். வெளியே அக்னி நட்சத்திரம். சின்னவன் தூங்க வேண்டிய நேரம், மூத்தவளுக்குப் பசி. நாலு மணி வரைக்கும் எங்கே போவது? கடற்கரையா? அங்கே அப்போது கால் வைக்க முடியாது. பூங்காவில் நிழல் உண்டு, படுக்க விடமாட்டார்கள். தலைக்கு மேல் கூரை, உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, லிஃப்ட், குடிதண்ணீர், குழந்தை வீறிட்டால் யாரும் முறைக்காத சத்தம். இத்தனையும் ஒரே இடத்தில் வேண்டும். விடை உங்களுக்கே தெரியும்.

மாலை நான் புகழவில்லை. அது தர்மசத்திரம் கிடையாது. விளையாட்டுப் பகுதியில் கார்டு தேய்த்தால்தான் குதிரை ஆடும். ஃபுட் கோர்ட்டில் கட்டுச்சோற்றைப் பிரித்தால் காவலாளி வந்து நிற்பார். செருப்பைப் பார்த்து ஆளை எடைபோடும் பார்வை வாசலிலேயே இருக்கிறது. இவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே போகிறது என்றால் வெளியே நிலைமை எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

உடனே ஒரு பதில் வரும். ‘நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோமா? எங்கப்பா எங்களை எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போனாரு.’ கூட்டிக்கொண்டு போனார்தான். எங்கே தங்கினீர்கள்? சைதாப்பேட்டையில் சித்தி வீடு. மத்தியானம் எங்கே தூங்கினீர்கள்? சித்தி வீட்டுக் கூடத்தில், பாய் விரித்து. யார் சாதம் வடித்தது, யார் ஈரத்துணியைக் காயப்போட்டது, ‘நீங்க போய்ட்டு வாங்க, சின்னது எங்கிட்ட இருக்கட்டும்’ என்று யார் சொன்னது? ஒரு தலைமுறையின் சென்னைச் சுற்றுலா முழுக்க ஏதோ ஒரு சித்தியின் சம்பளமில்லாத உழைப்பின் மேல் நடந்தது. அன்றைக்கும் நகரம் எதையும் தரவில்லை, சித்தி தந்தார். இன்றைக்கு அந்தச் சித்தியின் மகள் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிறாள், சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டில் போய் நாலு பேர் இறங்குவது எப்படி?

நெதர்லாந்தின் வான் லீர் அறக்கட்டளை ‘அர்பன்95’ என்றொரு திட்டம் நடத்துகிறது. 95 என்பது சென்டிமீட்டர். மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் நகரம் எப்படித் தெரிகிறது என்பதே கேள்வி. இந்தியாவில் புனே, புவனேஸ்வர், உதய்ப்பூர் போன்ற ஊர்கள் அதில் சேர்ந்து வேலை செய்தன. சென்னையில் அந்த உயரத்துக்கு நேராக இருப்பவை பைக் சைலன்சர், ஓரமாகப் படுத்திருக்கும் நாயின் முகம், மூடாத மின்பெட்டி. நடைபாதை அவன் முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய அகலமான நடைபாதை 2019-இல் வந்தது. எங்கே? பாண்டி பஜாரில். அங்கேயும் இரண்டு பக்கமும் கடைதான்.

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தார்கள்; வழியில் இருக்கும் தாயை அரசாங்கம் கண்ணால் பார்த்த அபூர்வமான தருணம் அது. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. மெரினாவில் சக்கர நாற்காலிகள் கடலுக்கு அருகே போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதை உடைத்தது, சரிசெய்து திரும்பத் திறந்தார்கள். 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. குழந்தை வண்டி தள்ளும் எவருக்கும் இவையெல்லாம் பெரிய உதவி. ஆனால் மரப்பாதையும் தாழ்தளப் பேருந்தும் மாற்றுத்திறனாளிகள் கேட்டுக் கேட்டு, நீதிமன்றம் வரை போய்ப் பெற்றவை. பெற்றோர் போராடியதாக எனக்கு நினைவில்லை.

காரணம் எளிது. மூணு வயசு நாலு வருஷத்தில் ஏழு வயசாகிவிடும். பிள்ளை தானாக நடக்கும், அடக்கிக்கொள்ளும், வெயிலைத் தாங்கும். ஒவ்வொரு பெற்றோரும் நாலு வருஷம் படுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். மறந்த பிறகு அவர்களில் சிலர் ஜோல்னா பையோடு மால் கலாச்சாரத்தைப் பற்றிப் பேச வருகிறார்கள்.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நடுவே ஒரு செயற்கை மரம்கூட உண்டு. மத்தியானம் பன்னிரண்டு முதல் நாலு வரைக்குமான கேள்விக்கு அரசாங்கப் பணத்தில் இந்த நகரத்தால் பதில் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. (அதையும் 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் பார்த்தார்கள், நீதிமன்றம்தான் நிறுத்தியது.) இப்படி ஒன்று வடசென்னையில் ஒன்று, தாம்பரம் பக்கம் ஒன்று, கிளாம்பாக்கத்தில் பஸ் இறங்கும் இடத்திலேயே ஒன்று வேண்டும். புத்தகம்கூட அப்புறம் வாங்கலாம். முதலில் கூரை, பாய், கழிப்பறை.

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட வேண்டாம். நாம் நடத்தும் கூட்டங்கள் ஞாயிறு மாலை, மாடியில், லிஃப்ட் இல்லாத ஹாலில் நடக்கின்றன. பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கினால் பேச்சாளர் நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அந்த அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று அடுத்த மாதம் அதே ஹாலில் ஓர் அமர்வு வைப்போம். அடுத்த அழைப்பிதழில் தேநீர் உண்டு என்று போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், டயப்பர் மாற்ற அறை எந்த மாடியில் என்றும் ஒரு வரி போடுங்கள்.