பட்டறையின் சாவி யார் கையில்?

"வாடகை கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை, வாயிலில் காவலாளை நிறுத்தி வழி மறிக்கவில்லை. இடமும் தந்து, வசதியும் தந்து, 'இலவசம்' என்று எழுதியும் வைத்திருக்கிறான் முதலாளி. பிறகு எதற்கு இந்தக் கூச்சல்?"

கேட்கிறார்கள், மென்பொருள் உலகின் மேதாவிகள் சிலர். கேட்டதோடு நில்லாமல், கேள்வியாலேயே எதிரியை வீழ்த்திவிட்டதாக எண்ணிக் கெக்கலியும் கொட்டுகிறார்கள்!

கூச்சல் அல்ல தோழர்களே, எச்சரிக்கை! எடுத்துச் சொல்ல வேண்டியது என் கடமை. சீர்தூக்கிப் பார்க்க வேண்டியது உங்கள் கடமை.

நம்மிற் பலர் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு பேசிக்குள்ளே லினக்ஸ் என்றொரு மென்பொருள் இயங்குகிறது. அதனை ஆக்கியது ஒரே மாளிகையில் அமர்ந்த ஒரு கூட்டமன்று. நாடுவிட்டு நாடு, கண்டம்விட்டுக் கண்டம் பரவிக் கிடக்கும் பல்லாயிரவர் எழுதி எழுதிச் சேர்த்தது. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறர்க்கு வழங்கலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் இத்தகைய படைப்புகளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

ஒருவர் எழுதுகிறார், கடல்கடந்த ஊரிலிருந்து இன்னொருவர் பிழை காண்கிறார், மூன்றாமவர் திருத்துகிறார், நான்காமவர் ஆய்ந்து ஏற்றுச் சேர்க்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவர்கள்கூட அல்லர்! இத்தனை கைகளும் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டுமே! நிரலை வைக்க, திருத்தத்தின் வரலாற்றைக் காக்க, வாதாட, வழக்குத் தீர்க்க ஒரு பொதுவிடம் வேண்டுமே! அந்தக் கூட்டுப்பணித் தளத்துக்கு, கொல்லன் பட்டறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பெயராக இட்டு வழங்குகின்றனர் அத்துறையினர். பொருத்தமான பெயர்தான்.

பட்டறை இருக்கிறது. உலை எரிகிறது. உழைப்பவன் கையில் சம்மட்டி இருக்கிறது.

சாவி யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண 2002ஆம் ஆண்டுக்குச் செல்வோம். லினக்ஸ் படைப்பாளிகள் தங்கள் நிரலைக் கோத்துக் காக்க 'பிட்கீப்பர்' என்னும் கருவியைக் கைக்கொண்டனர். அது ஒரு நிறுவனத்தின் உடைமை. காசு வாங்காமல்தான் கொடுத்தார்கள். அன்றும் எச்சரித்தவர்கள் உண்டு. அன்றும் அவர்களைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. 2005இல் ஒரு சச்சரவு மூண்டது. இலவசமாகக் கொடுத்த உரிமத்தை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொடுத்தவன் எடுத்தான், கொண்டவன் திகைத்தான்!

திகைத்தவர்கள் அழுது நிற்கவில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். அதுதான் 'கிட்'. எவரும் பறிக்க முடியாத கருவி. ஏனெனில் அது எல்லோருக்கும் உரிய கருவி.

இலவசம் பறிபோனதால் பிறந்த குழந்தை கிட். அதன் பெயரையே தன் பெயரில் சூடிக்கொண்டு 2008இல் எழுந்தது கிட்ஹப் என்னும் மாளிகை. அந்த மாளிகையின் திண்ணையில் அமர்ந்துதான், "இலவசம் இருக்கக் கவலை ஏன்?" என்று கேட்கிறார்கள் நம் மேதாவிகள்! பெற்ற தாய் பட்ட பாட்டை மறந்த பிள்ளைகள்!

2018 ஜூனில் அந்த மாளிகையை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது மைக்ரோசாஃப்ட். எதற்கு இத்தனை விலை? சுவருக்கா? கூரைக்கா? இல்லை! அங்கே கூடியிருந்த கூட்டத்துக்கு! அந்தக் கூட்டம் ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்த உழைப்புக்கு! விற்றவர் வேறு, விலையானவர் வேறு. விலையான இலட்சக்கணக்கானவரிடம் ஒரு வாக்கேனும் கேட்டார்களா? கேட்க வேண்டிய சட்டமும் இல்லை, கேட்கும் வழக்கமும் இல்லை.

"வாங்கிய பின்னும் இலவசமாகத்தானே நடக்கிறது?" ஆம், நடக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் 2019 ஜூலையில் என்ன நடந்தது? அமெரிக்க அரசின் தடைச் சட்டத்தைக் காட்டி, ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்தவர்களின் தனிக் களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. ஈரானியர்க்கு 2021 ஜனவரியில் பூட்டைத் திறந்தார்கள். அதற்கும் வாஷிங்டனின் உரிமம் வேண்டியிருந்தது.

"சட்டம் அப்படி, நிறுவனம் என்ன செய்யும்?" என்று பரிந்து பேசுகிறார்கள். நன்று! நாம் சொல்வதும் அதுவேதான். சாவி வைத்திருப்பவன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல வழக்கு. நல்லவனாகவே இருந்தாலும் ஒருநாள் பூட்ட நேரும். அன்று உழைத்தவன் தெருவில் நிற்பான் என்பதுதான் வழக்கு!

கூகிள் 2006இல் ஒரு பட்டறை திறந்தது. 2015இல் மூடுவிழாவை அறிவித்தது. 2016 ஜனவரியில் மூடியது. சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் பழைய பட்டறையோ, 2015இல் கிம்ப் என்னும் ஓவிய மென்பொருளின் நிறுவுகோப்போடு விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டி வழங்கியது. ஆக்கியோர் வெகுண்டெழுந்த பிறகே அந்தப் போக்கு அடங்கியது. அடுத்தவன் பானையில் நஞ்சு கலக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? அடுப்படி தன்னுடையது என்னும் செருக்கிலிருந்து வந்தது!

பெருமுதலாளிகளை மட்டும் சாடினால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். மீதி உண்மை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

'கிட்டீ' என்றொரு பட்டறை மென்பொருள். தன்னார்வத் தொண்டர்கள் 2016இல் வேறொரு மென்பொருளிலிருந்து கிளை பிரித்து வளர்த்தது. ஆண்டுதோறும் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தியது. 2022 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது: பெயரும் வணிகக்குறியும் புதிதாகத் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன! தொண்டர்கள் திறந்த மடல் விடுத்தார்கள். பொதுச் சொத்தை இலாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைக்குமாறு கோரினார்கள். கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அப்போது என்ன செய்தார்கள்? நிரலின் உரிமம் திறந்தது. ஆகவே நிரலை எவரும் பூட்ட முடியாது. பெயரை விட்டுவிட்டு, பொருளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்! 2022 டிசம்பரில் பிறந்தது 'ஃபோர்ஜேயோ'. எஸ்பெராண்டோ மொழியில் பட்டறை என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். 2024இல் தன் உரிமத்தையும் மாற்றிக்கொண்டது: இதனை எடுத்து மாற்றி வெளியிடுவோர், தம் மாற்றத்தையும் அவ்வாறே திறந்து வைத்தல் வேண்டும் என்னும் உரிமம். பட்ட பாட்டிலிருந்து பாடம் கற்றவர்கள் போட்ட வேலி அது!

அந்த ஃபோர்ஜேயோவுக்குக் காப்பாளராக நிற்பது கோட்பெர்க் சங்கம். பெர்லின் நகரில் 2018இல் அமைந்த இலாபநோக்கற்ற சங்கம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தளத்தைத் திறந்தது. உறுப்பினர் சந்தா செலுத்துகிறார்கள். உறுப்பினரே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விளம்பரம் இல்லை, வருவோரைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் வேலையும் இல்லை. 2025 நவம்பரில் 'ஸிக்' என்னும் நிரல்மொழியின் குழுவினர் கிட்ஹப்பை விட்டு இங்கே குடிபெயர்வதாக அறிவித்தார்கள்.

கிளை, சந்தா, பொதுக்குழு, தேர்தல்! நமக்குப் புதிதா இவை?

இப்போது மேதாவிகள் கடைசி அம்பை எடுக்கிறார்கள்: "தொண்டர்களை நம்பலாமா? சம்பளம் வாங்காதவன் பொறுப்பாக இருப்பானா?"

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையில் பேசுகிறவனும் நான். பேச்சு முடிந்ததும் எனக்கு மாலை போடுகிறார்கள். மேடைக்கு மூங்கில் நட்டவனுக்கு யார் மாலை போட்டார்கள்? திரை இழுப்பவன் ஒரு நொடி கைதவறினால் மட்டும் அரங்கமே அவனைத் திட்டுகிறது! மென்பொருளைப் பராமரிப்போர் நிலையும் அதுதான். ஓடினால் எவரும் நினைப்பதில்லை. நின்றால் எவரும் மன்னிப்பதில்லை.

2014இல் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் நடக்கும் பணப் பரிமாற்றத்தில் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஓட்டை. அந்தப் பூட்டைப் பேணியவர்களுக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்! கோடி கோடியாகப் பணம் பூட்டுக்குள்ளே. பூட்டைக் காத்தவன் பட்டினிக்குள்ளே!

2024 மார்ச்சில் 'எக்ஸ்ஸெட்' என்னும் சிறு கருவியில் கள்ள வாயில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரை ஈராண்டுக்கு மேல் நட்புவேடத்தில் நெருங்கி, நம்பிக்கையைப் பெற்று, நஞ்சைச் சேர்த்திருந்தது ஒரு முகமூடி. அரைநொடித் தாமதத்தைக் கண்டு ஐயுற்று, அதனை வெளிக்கொணர்ந்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். அவர் மைக்ரோசாஃப்டில் பணியாற்றியவர். இதனையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் வழக்கு ஆட்களோடு அல்ல, அமைப்போடு.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் எதை மெய்ப்பிக்கின்றன? தொண்டு தோற்கும் என்பதையா? இல்லை! தொண்டனைத் தனியே விட்டால் தோற்பான் என்பதை! தோள் மாற்ற ஆளில்லாத பல்லக்கு எத்தனை தூரம் போகும்? ஒருவன் சோர்ந்தால் மற்றவன் ஏற்பதற்கு, கணக்கைக் கேட்பதற்கு, கள்ளனைக் காண்பதற்குத்தான் சங்கம் வேண்டும் என்கிறோம்.

சங்கம் அமைந்ததும் எல்லாம் இன்பமயம் என்று ஏமாற்றவும் மாட்டேன். 2025இல் செயற்கை நுண்ணறிவுக்கு இரை தேடும் இயந்திரங்கள் கோட்பெர்க்கின் வழங்கிக் கணினிகளை மொய்த்துத் தளத்தையே தள்ளாட வைத்தன. செல்வர்களின் இயந்திரப் பசிக்கு ஏழைச் சங்கத்தின் மின்கட்டணம்! தூக்கம் கெட்டு அதனைத் தடுத்து நின்றவர்களும் தொண்டர்களே.

அவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். கைதட்டலால் கணினி ஓடுமா?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டம் கேட்கும் இடங்களின் வாயிற்படியை அறிந்தவன். இந்தப் பட்டறையில் எவரும் பட்டம் கேட்பதில்லை. செய்த வேலையைக் காட்டு என்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த தோழன் ஒரு பிழையைத் திருத்தட்டும். தெரியாதவன் ஒரு விளக்கக் குறிப்பைச் செப்பனிடட்டும். மொழிபெயர்ப்புக்கென்றே கோட்பெர்க் ஒரு தனித்தளம் நடத்துகிறது, அங்கே நாலு வரியைத் தமிழாக்கட்டும். இரண்டுக்கும் நேரமில்லாதவன் சந்தா செலுத்தட்டும். கிட்ஹப்பிலே நிரல் வைத்திருப்போரை நாளையே ஓடிவரச் சொல்லவில்லை. ஒரு படியை வேறிடத்திலும் காத்து வையுங்கள், அடுத்த படைப்பைப் பொதுப் பட்டறையில் தொடங்குங்கள் என்கிறேன்.

இலவசம் என்பது கொடுப்பவன் மனம் இருக்கும் வரை. உரிமை என்பது எடுப்பவன் வந்தாலும் அசையாதது. முன்னதைப் பெறக் கை நீட்டினால் போதும். பின்னதைப் பெறத் தோள் கொடுக்க வேண்டும்!

சம்மட்டி பிடித்த கையிலேயே சாவியும் இருக்கட்டும்!