கல்யாண ஊரைப் பாட்டி தேர்வு செய்யட்டும்

ஜாதகம் பொருந்தியது ஆனிக் கடைசியில். ஆடியில் எங்கள் வீட்டில் தாலி கட்டுவதில்லை. மாப்பிள்ளைக்கு டப்ளினில் வேலை; கம்பெனி கொடுத்த விடுப்பு ஆவணியில் மூன்று வாரம். அதை விட்டால் புரட்டாசி, அதுவும் ஆகாது. ஆக, என் அக்கா மகளின் கல்யாணத்துக்குக் கையில் இருந்த அவகாசம் இரண்டு மாதத்துக்கும் குறைவு. அந்த நிலையில்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உதய்ப்பூர் அரண்மனை, கோவா கடற்கரை, மாமல்லபுரம் ரிசார்ட் என்று படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. 2022 ஜூனில் நயன்தாரா கல்யாணம் மாமல்லபுரத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு, கடற்கரை மணமேடையை மனத்துக்குள் கட்டிவைக்காத பெண் யார்? அடுத்த வருஷம் பிரதமரே வானொலியில், கல்யாணத்துக்காக வெளிநாடு போகாதீர்கள், இந்திய மண்ணிலேயே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். போகிற ஊரில் யார் யாருக்கு எப்படி டிக்கெட் எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

என் பிழைப்பு அதுதான். ரயில்வே முன்பதிவு கவுன்டரில் உட்கார்ந்து, திருச்சியில் ஓய்வு பெற்றவன். கல்யாணப் பார்ட்டிகளை நான் பார்த்ததுபோலப் போட்டோகிராபர்கூடப் பார்த்திருக்க மாட்டார். கோடு போட்ட தாளில் பெயர், வயது, ஆண், பெண் என்று வரிசையாக எழுதி எடுத்து வருவார் பெண்ணின் அப்பா. பட்டியலில் கீழே போகப் போக வயது ஏறும். 71, 76, 82. அங்கே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். “லோயர் பெர்த் கிடைக்குமா சார்?” பெண் அழைப்பு, சத்திரம், மேளம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் இந்தக் கேள்விக்கு வருவார்கள்.

அதனால் என் கட்சி இது: அவகாசம் குறைவாக இருந்து, கல்யாணமும் வெளியூரில் என்றால், ஊரைத் தேர்வு செய்யும் உரிமையைக் குடும்பத்தின் மிக மூத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மண்டபம், மெனு, பூ, உடை எல்லாம் மணமக்கள் இஷ்டம். ஊர் மட்டும் பாட்டி இஷ்டம்.

வெளியூர்க் கல்யாணம் நமக்குப் புதிதில்லை. எழும்பூரிலிருந்து குருவாயூர் போகிற எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகத்தான் போகிறது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் அந்த வண்டியில் இடம் கேட்டு எத்தனை குடும்பங்கள் வந்து நின்றிருக்கின்றன! 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூர்க் கோயிலில் ஒரே நாளில் 350க்கும் மேல் கல்யாணங்கள் பதிவாகியிருந்தன. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த காலத்திலும் கல்யாணத்துக்குச் சொந்த ஊர் திரும்பினார்கள். இன்றும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களால் எப்படி முடிகிறது? வீடே கல்யாணத்துக்காகக் கட்டியது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அண்டா குண்டான் உள்ளே இருக்கும். சமையல்காரர் பரம்பரையாகத் தெரிந்தவர். அங்கே போய்ச் சேர வேண்டியது மனிதர்கள் மட்டும்தான்.

அவசரக் கல்யாணத்துக்கு இதுவே அளவுகோல் என்பேன். ஊரில் ஏற்கெனவே இருப்பவை எவை, நாம் கொண்டுபோக வேண்டியவை எவை? ரிசார்ட்டில் எல்லாம் பேக்கேஜ் என்கிறார்கள். விசாரித்தால் இத்தனை அறை கட்டாயம் எடுக்க வேண்டும், வெளிச் சமையலுக்கு அனுமதியில்லை, மேளம் ராத்திரி பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாக வருகிறது. உதய்ப்பூரில் நம் ஊர் நாதஸ்வரமும் வாழைமரமும் கிடைக்குமா என்று அக்கா கேட்டாள். கிடைக்கும், விமானத்தில் வரும் என்றார் ஏற்பாட்டாளர்.

பயணத்துக்கு வருவோம். முன்பு 120 நாள் இருந்த ரயில் முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் கல்யாணம் என்றால், நீங்கள் தேதி குறிக்கும்போதே அந்தத் தேதிக்கான கவுன்டர் திறந்து, விநாயகர் சதுர்த்திக்கு ஊர் போகிறவர்கள் பாதி இடத்தை எடுத்திருப்பார்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். முழுப் பெட்டியையே எடுத்துக்கொள்ளும் வசதி ஐஆர்சிடிசியில் உண்டு. ஆனால் குறைந்தது 30 நாள் முன்னால் கேட்க வேண்டும், பெட்டிக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும், கட்டணமும் வழக்கத்தைவிடக் கூடுதல். மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று. மூத்தவர்களுக்கென்று ஸ்லீப்பரிலும் ஏசியிலும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயதான ஆண், 45 வயதான பெண். ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அது கிடைக்கும். குடும்பமாகப் போகிறோமே என்று பாட்டியைப் பேரன் பேத்தியோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால், கம்ப்யூட்டர் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பிப் பார்க்காது. பாசத்தில் சேர்த்துப் போடுகிறார்கள்; பாட்டிக்கு அப்பர் பெர்த் வருகிறது.

எங்கள் வீட்டில் மூத்தவர் என் அம்மா. வயது 84. அவரிடம் ஊர்களின் பெயரைச் சொன்னோம். “திருச்சியிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்னால உக்கார முடியாது. அதுக்குள்ள எந்த ஊரா இருந்தாலும் சரி” என்றார். ஒரே வாக்கியத்தில் உதய்ப்பூரும் கோவாவும் மாமல்லபுரமும் போய்விட்டன. காரைக்குடி வந்தது. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராக அங்கே போகிறது. வெளிநாட்டு உறவினர்களுக்குத் திருச்சி விமான நிலையம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் செட்டிநாட்டு வீடுகள் உண்டு, பெண்ணுக்கு வேண்டிய படமும் விழும்.

மருமகள் லேசில் விடவில்லை. “மாமா, கல்யாணம் எனக்கா, ஐஆர்சிடிசிக்கா?” என்றாள். நியாயமான கேள்விதான். பெரியவர்களின் முழங்காலுக்காக இளையவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்ள வேண்டுமா? வருஷம் முழுக்க அவகாசம் இருந்தால் நானே அவள் பக்கம் பேசியிருப்பேன். படிப்படியாகத் திட்டமிட்டு அம்மாவை விமானத்தில்கூடக் கூட்டிப்போகலாம். அவகாசம் சுருங்கும்போது முதலில் கழன்று விழுகிறவர்கள் பெரியவர்கள்தான். “அவங்களால முடியாதும்மா, வீடியோ காலில் பாத்துக்குவாங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள், கேட்பவர்களுக்கும் அது வசதியாக இருக்கும். அதைத்தான் தடுக்கப் பார்த்தேன்.

செட்டிநாட்டு வீடு பார்க்க அழகு. தங்கிப் பார்த்தால் வேறு கதை. வாசல் படிகள் உயரம், நிலைப்படி அதைவிட உயரம். நாங்கள் எடுத்த வீட்டில் கழிப்பறை கடைசிக் கட்டில் இருந்தது, அதுவும் உட்கார்ந்து எழுகிற பழைய வகை. முகப்பை ஒட்டிய அறையில் அம்மாவைத் தங்கவைத்து, மருந்துக்கடையில் சொல்லி ஒரு கமோடு நாற்காலியை வாடகைக்கு வாங்கிப் போட்டோம். அலங்காரக்காரர் அதைப் பூத்திரையால் மறைத்துத் தருவதாகச் சொன்னார்! ஆவணியில் சாயங்காலம் இடியோடு மழை வரும் என்று உள்ளூர் சமையல் மாஸ்டர் முதல் நாளே எச்சரித்தார், வளவில் போட்டிருந்த நாற்காலிகளை நாலு பக்கத் தாழ்வாரத்துக்கும் மாற்றச் சொன்னார். மழை வந்தது. முற்றத்துத் தண்ணீர் அதன் வழியில் போனது, மேளம் நிற்கவில்லை. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சூடாக வந்துகொண்டே இருந்தன. அந்த மனிதருக்குத் தெரிந்தது எந்த ஏற்பாட்டாளருக்குத் தெரியும்?

முகூர்த்தத்தை வியாழக்கிழமை வைத்தோம். ஞாயிறு முகூர்த்தத்துக்குத் தமிழ்நாடே ரயிலில் இருக்கும். லீவு கிடைக்காது என்று சிலர் முணுமுணுத்தார்கள், வரவேண்டியவர்கள் வந்தார்கள். வர முடியாதவர்களுக்குச் சென்னையில் ஒரு மாலை வரவேற்பு. நேரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க நேரமில்லாததால் அக்காவும் அத்தானும் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் ஊர் பார்க்கும்போதே யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். மருமகளுக்கு விசா கேட்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். வேறு மாநிலத்தில் தாலி கட்டிவிட்டு, அங்குள்ள அலுவலகத்துக்கு அலைய விடுப்பு ஏது? மதம் கடந்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிகிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி. 30 நாள் அறிவிப்பு, அந்த மாவட்டத்தில் இருவரில் ஒருவர் 30 நாள் வசித்திருக்கவும் வேண்டும். கடற்கரையை முதலில் பிடித்துவிட்டுச் சட்டத்தைப் பிறகு பார்க்கும் ஜோடிகளுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

கடைசியாகச் செலவு. உள்ளூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேன் வைப்பது பெண் வீட்டு வழக்கம். ஒரு வேன், ஒரு நாள், போகட்டும். அதே வழக்கத்தை வெளியூருக்குத் தூக்கிப்போனால் ரயில், பஸ், மூன்று நாள் தங்கல், காலைக் காபி எல்லாம் பெண் வீட்டுத் தலையில் விழுகிறது. வெளியூரில் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீடும் சேர்ந்துதானே ஆசைப்பட்டது? அப்படியானால் போக்குவரத்தும் பாதிப் பாதி. பெண்ணைப் பெற்றவளுக்குக் கேட்கத் தயக்கம். தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? சம்பந்தியிடம் நேராகவே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பஸ் எங்களுது, வேன் உங்களுது” என்றார். டிரைவர் பேட்டாவைப் பற்றி அப்புறம் தனியாகப் பேசிக்கொண்டோம்.